தெருக்களை வரைந்த தாமஸ் டேனியல்

சிங்கவரத்துக் குன்றின் மீது நின்று செஞ்சியை நோக்குவோர்க்கு ராஜகிரியும் அதன் மதில்களும் தெரியும். கோட்டைக்குள் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் வேங்கடரமணர் கோயிலும் இன்றும் உள்ளன. ஆயினும், அங்கே வாழ்ந்த மக்களின் கடைத்தெரு எவ்வாறு இருந்தது என்பதை நாம் ஊகிக்கவே வேண்டியுள்ளது. கல் நிலைக்கிறது, தெரு நிலைப்பதில்லை. தெருவைத் தாளில் நிறுத்திய ஓவியர் ஒருவரின் வாழ்வை இங்கு எண்ணிப் பார்ப்பது அதனால்தான்.

தாமஸ் டேனியல் 1749இல் இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டனில் பிறந்தார். தந்தையார் விடுதி நடத்தியவர். இளமையில் கோச்சு வண்டிகளுக்கு வண்ணந்தீட்டும் தொழில் பயின்ற அவர், பின்னர் லண்டன் அரச ஓவியக் கழகத்தில் கற்றார். ஆங்கு இயற்கைக் காட்சி வரைவோர் பலர், பிழைப்போ கடினம். எனவே 1785இல், பதினாறு வயதே ஆன தம் அண்ணன் மகன் வில்லியமை உடனழைத்துக்கொண்டு கப்பலேறினார். சீனம் வழியாக 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

அந்நகரின் தெருக்களையும் படித்துறைகளையும் கட்டடங்களையும் பன்னிரண்டு காட்சிகளாகச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டார். 1788இல் முடிந்த அப்பணியில் உள்ளூர்க் கைவினைஞர்களும் துணைநின்றனர். படங்களில் விளங்குவதோ டேனியலின் பெயர் மட்டுமே. இதையும் நாம் மறத்தலாகாது.

பின்னர் வடநாடெங்கும் சுற்றி, தில்லி ஜும்ஆ பள்ளிவாசலையும் ஆக்ராவின் தாஜ்மகாலையும் வரைந்தார். திப்பு சுல்தானுடன் ஆங்கிலேயர் நடத்திய மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச்சில் முடிந்தது. அடுத்த மாதமே இருவரும் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். புதிதாக வென்ற மலைக்கோட்டைகளின் படங்களை வாங்க ஆங்கிலேயர் ஆவலாயிருந்தனர். ராயக்கோட்டையும் சங்ககிரியும் அவர் தூரிகைக்கு வந்ததன் காரணம் இதுவே. வென்றவர் விருப்பத்திற்கு வரைந்தார் என்பது குற்றச்சாட்டாகாது. அதுவே அவர் வயிற்றுப்பாடு. என்றாலும் பார்ப்பவர் அறிந்து பார்க்க வேண்டிய உண்மை அது. அவருடைய கட்டடங்கள் அளவு பிசகாதவை. மனிதர்களோ பெரும்பாலும் அக்கட்டடங்களின் உயரத்தை உணர்த்த நிற்பவர்களே.

சென்னையில் அவர் கோட்டையை மட்டும் வரைந்து நிறுத்தவில்லை. நம்மவர் வாழ்ந்த பகுதியையும் வரைந்தார். அக்காலத்தில் கருப்பர் நகரம் எனப்பட்ட அதுவே பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பரங்கிமலைக்குச் செல்லும் வழியில், ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் அடையாற்றின் மீது கட்டுவித்த பாலத்தையும் வரைந்தார். பழைய பாலம் இன்றில்லை. அதனிடத்தே மறைமலையடிகள் பாலம் உள்ளது. பழையதைக் காண விழைவோர் டேனியலிடமே செல்ல வேண்டும்.

1794இல் தாயகம் திரும்பியபின், 1795 முதல் 1808 வரை 144 படங்கள் கொண்ட பெருந்தொகுதியை இருவரும் வெளியிட்டனர். தகட்டு வேலையின் பெருஞ்சுமை வில்லியமின் தோள்களில் விழுந்தது. தாமஸ் 1799இலும் வில்லியம் 1822இலும் அரசக் கழக உறுப்பினராயினர்.

தாமஸ் மணம் புரியவில்லை. பதினாறு வயதில் தம்முடன் கடல் கடந்த வில்லியம் 1837இல் மறைந்ததைக் காணும் துயரமும் அம்முதியவருக்கு நேர்ந்தது. அதன்பின் மூன்றாண்டுகள் வாழ்ந்து, 1840இல் லண்டன் கென்சிங்டனில் அவர் காலமானார்.