உங்க மொபைல் நம்பருக்குள் ஒரு ராமானுஜன் கணக்கு! சமவாய்ப்பு மாறி என்றால் என்ன?

வரும் நவம்பரில் பூம்புகாரில் எத்தனை நாள் மழை பெய்யும்? 5 நாளா, 15 நாளா? முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பல வருஷத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தால், எது அடிக்கடி வரும், எது அபூர்வம் என்பது தெரிந்துவிடும். இப்படி வாய்ப்பைப் பொறுத்து மதிப்பு மாறும் எண்ணைத்தான் 'சமவாய்ப்பு மாறி' என்கிறோம்.

மழைக்கு சரி. மாறவே மாறாத எண்களுக்கும் இது பொருந்துமா? பொருந்தும். அதற்கு விதை போட்டவர்களில் ஒருவர், பூம்புகாருக்கு மேற்கே, அதே காவிரிக் கரையில் வளர்ந்த ஸ்ரீனிவாச ராமானுஜன்.

கும்பகோணத்துப் பையன்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவில். அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. டவுன் ஹைஸ்கூலில் கணக்கில் பரிசு வாங்கிய பையன், கல்லூரியில் மற்ற பாடங்களில் ஃபெயிலாகி உதவித்தொகையை இழந்தார். 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் ஆனார். 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷமே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

1917-ல் என்ன கண்டுபிடித்தார்?

60 என்ற எண்ணை எடுத்துக்குங்க. அதை வகுக்கும் பகா எண்கள் 2, 3, 5 என மூன்று. அடுத்த எண் 61-க்கு ஒன்றுதான். 64-க்கும் ஒன்றுதான். எண்ணுக்கு எண் இது தாறுமாறாக மாறுகிறது.

ஆனால் மிகப் பெரிய எண்களில், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இந்த எண்ணிக்கை ஒரே அளவைச் சுற்றித்தான் இருக்கும் என்று 1917-ல் ஹார்டியும் ராமானுஜனும் நிரூபித்தார்கள். எண்ணுக்கு மடக்கை எடுத்து, அதற்கும் ஒருமுறை மடக்கை எடுத்தால் வருவதுதான் அந்த அளவு. 10 இலக்க எண்ணுக்கு அது சுமார் 3. உங்க மொபைல் நம்பரும் 10 இலக்கம்தானே! 100 இலக்க எண்ணுக்குக்கூட அது சுமார் 5-தான்.

அவர் பார்க்காமல் போனது

அதே 1917-ல் அவர் உடல்நிலை மோசமானது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற கௌரவம் வந்தது. 1919-ல் நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

அந்தக் கட்டுரையில் இருவரும் வாய்ப்பு பற்றிப் பேசவே இல்லை. 1934-ல் ஹங்கேரியின் டூரான் அதையே எளிமையாக நிரூபித்தபோதுதான், உள்ளே இருப்பது நிகழ்தகவுக் கணக்கு என்பது புலப்படத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை எடுத்தால், அதன் பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஒரு சமவாய்ப்பு மாறிதான். அது அந்த அளவிலிருந்து எவ்வளவு விலகும் என்பதும் மணி வடிவ வளைகோட்டில் அமைகிறது என்று 1939-ல் எர்டிஷ், காட்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். ஆட்களின் உயரத்தை அளந்தால் வருமே, அதே வளைகோடு!

இன்று இது நிகழ்தகவு எண் கோட்பாடு என்ற தனித் துறை. அப்படி ஒன்று வரப்போகிறது என்பது ராமானுஜனுக்குக் கடைசி வரை தெரியாது.