பாரி

பாரி, சங்க காலத்தில் பறம்பு நாட்டை ஆண்ட குறுநில மன்னர். கடையெழு வள்ளல்களுள் ஒருவர். வேளிர் குடியினராதலால் வேள் பாரி எனவும் அழைக்கப்படுகிறார். இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே பறம்பு மலை எனக் கருதப்படுகிறது. புலவர் கபிலர் இவரது உற்ற நண்பர்.

முல்லைக்குத் தேர்

கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக் கொடிக்குத் தம் தேரை ஈந்தவர் என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். பாகலுக்கு இருப்பது போன்ற பற்றுக்கம்பிகள் முல்லைக்குக் கிடையாது. அதன் தண்டே வேறொன்றைச் சார்ந்து உயர வேண்டும். சுற்றிப் படரும் கொடிகளின் இளநுனி மெல்ல வட்டமிட்டுப் பற்றுக்கோடு தேடுவதைச் சார்லஸ் டார்வின் 1865இல் விரிவாக எழுதினார். எதுவும் தட்டுப்படாவிடில் கொடி தன் பாரத்தாலேயே தாழ்ந்துவிடும். பாரி கண்டதும் அத்தகைய கொடியாகவே இருந்திருக்க வேண்டும்.

முற்றுகையும் மகளிரும்

மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டனர். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழாமலே விளையும் மலையை எளிதில் வெல்ல இயலாது எனக் கபிலர் பாடினார் (புறநானூறு 109). இவற்றுள் வள்ளியும் ஒரு கொடியே. எனினும் பாரி மாண்டார், பறம்பு வீழ்ந்தது. தந்தையை இழந்த மகளிர் பாடியது 112ஆம் பாடல். அவர்களின் பெயர்கள் அங்கவை, சங்கவை எனப் பிற்கால மரபு கூறும்.

மகளிரை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் கபிலர் வேண்டினார். இவர்கள் யார் மகளிர் என அறிமுகப்படுத்தும் அப்பாடல்களிலேயே (200, 201) தேர் ஈந்த செய்தி வருகிறது. இருவரும் ஏற்கவில்லை. பின்னர் மகளிரை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்து உயிர்நீத்தார்.