வேகத்துக்கு வழி வகுத்த கரிவர்தன்

மோட்டார் பந்தயம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் நம் நாட்டில் எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை. அவர்தான் கோவை சுந்தரம் கரிவர்தன்.

1954-ம் ஆண்டு பிறந்தவர். லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தாலும் அவர் மனம் மோட்டார் என்ஜினையே சுற்றி வந்தது.

அமெரிக்க வாலிபர்கள்

இந்த மோகம் புதியது அல்ல. 1930-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா வாலிபர்கள் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து எடையைக் குறைத்தார்கள். என்ஜினின் சக்தியைக் கூட்டினார்கள். வறண்ட ஏரிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் கார்களுக்கு "ஹாட் ராட்" என்று பெயர்.

நாளடைவில் பந்தயம் ஊர்த் தெருக்களுக்கும் வந்தது. விபத்துகள் பெருகின. 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். தெருவில் ஓடியவர்களை விமான ஓடுதளங்களுக்கு அழைத்துச் சென்றார். இரண்டு கார்கள், நேரான பாதை, கால் மைல் தூரம். அதுதான் "டிராக்" பந்தயம்.

சோழவரம் மைதானம்

நம் நாட்டிலும் விமான ஓடுதளமே கைகொடுத்தது. சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தில் அங்கே மோட்டார் பந்தயங்கள் நடந்தன. கூட்டம் அலைமோதும்.

ஆனால் கார்களுக்குப் பஞ்சம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கட்டுப்பாடு. விலையோ மலை போல. ஆகவே பியட், ஹெரால்டு, அம்பாசிடர் கார்களையே மாற்றியமைத்து ஓட்டினார்கள். கரிவர்தனும் சோழவரத்தில் ஓட்டியவர். திறமை உள்ளவனுக்குக் கார் இல்லாத குறையை நேரில் கண்டவர்.

மாருதி என்ஜின்

கோவையில் பட்டறைகளுக்கும் கைதேர்ந்த தொழிலாளர்களுக்கும் பஞ்சம் இல்லை. அங்கேயே பந்தய கார் செய்ய முனைந்தார் கரிவர்தன். குடும்பங்கள் கடைக்குப் போகும் மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் காரில் பொருத்தினார். இப்படிப் பிறந்ததே "பார்முலா மாருதி". எல்லோருக்கும் ஒரே என்ஜின். ஆகவே பணம் அல்ல, ஓட்டுபவரின் திறமையே வெற்றியைத் தீர்மானித்தது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. பார்முலா மாருதியில் பழகிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

அந்தக் காட்சியைக் காண கரிவர்தன் இல்லை. 1995 ஆகஸ்டில், சிறு விமானம் விழுந்து நொறுங்கியதில் அவர் உயிர் பிரிந்தது. வயது 41. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கடற்கரைச் சாலை

இன்றும் மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாலிபர்கள் சிலர் போட்டி போட்டு வண்டி விரட்டுகிறார்கள். போலீசார் வண்டிகளைப் பறிமுதல் செய்கிறார்கள். ஆனாலும் விபத்துகள் நிற்கவில்லை. எதிரே மீன் கூடையுடன் சாலையைக் கடப்பவருக்கு அந்தப் போட்டியில் என்ன பங்கு?

இருங்காட்டுக்கோட்டையிலோ தலைக்கவசம் உண்டு, டாக்டர் உண்டு, எதிரே வண்டி வராது. வேகத்தில் ஆசை வைப்பது குற்றம் அல்ல. அதற்கு உரிய இடம் எது என்பதைத்தான் கரிவர்தனின் வாழ்க்கை காட்டுகிறது.