காருக்கு வால் வைத்தவர்

உங்க போன் நல்லாத்தான் வேலை செய்யுது. பக்கத்து பெஞ்ச் நண்பன் புது மாடலை எடுத்து மேஜை மேல வைக்கிறான். அடுத்த நொடி உங்க போன் பழசாயிடுது, இல்லையா? போன்ல ஒரு ஸ்க்ரூகூட கழறல. இந்த வித்தையை ஒரு பெரிய தொழிற்சாலையின் தினசரி வேலையாகவே மாற்றியவர் ஹார்லி ஏர்ல்.

1893-ல் ஹாலிவுட்டில் பிறந்தார். அப்பா முதலில் குதிரை வண்டி கட்டியவர். பிறகு கார் பாடி கட்டினார். சினிமா நட்சத்திரங்கள் வாடிக்கையாளர்கள். ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த மகன் படிப்பை முடிக்காமலே பட்டறைக்கு வந்துவிட்டார் (இதை வீட்ல காட்டி அனுமதி கேட்காதீங்க).

அப்போது அமெரிக்கச் சாலைகளில் ஃபோர்டின் மாடல்-டி ராஜ்ஜியம். 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். பல வருடம் கறுப்பு மட்டும்தான். மலிவு, உழைப்பு இரண்டிலும் அதை ஜெயிக்க முடியாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃப்ரெட் ஸ்லோனுக்குப் புரிந்திருந்தது. அவர் வேறு வழி பிடித்தார். செவர்லே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபில், ப்யூக், காடிலாக் என்று ஒரு ஏணி கட்டினார். சம்பளம் ஏற ஏற நீங்களும் படி ஏறணும். நீங்க எந்தப் படியில நிக்கிறீங்கன்னு தெருவே பார்க்கணும்.

தெரு பார்க்கிற மாதிரி செய்து தர ஒருத்தர் வேண்டும். 1927-ல் லசால் காரை வடிவமைத்துப் பேர் வாங்கிய ஏர்லைக் கூப்பிட்டு, அதே வருடம் தனிப் பிரிவே தொடங்கிக் கொடுத்தார் ஸ்லோன். ஏர்ல் களிமண்ணில் முழு அளவு கார் செய்து பார்த்தார். நீளமாக, தாழ்வாக: அவருக்கு அவ்வளவுதான் மந்திரம். கம்பெனியின் பல பிராண்டுகள் ஒரே உடல்கூட்டைப் பகிர்ந்துகொண்டன. முகப்பும் குரோமும் மாறின. வருடா வருடம் கொஞ்சம் மாற்றினால் போதும், போன வருடத்துக் கார் தானாக வெட்கப்பட ஆரம்பிச்சிடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-38 போர் விமானத்தின் இரட்டை வால் அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. 1948 காடிலாக்கின் பின்பக்கம் சின்னதாக ஒரு வால் முளைத்தது. ஏரோடைனமிக்ஸ் படிக்கிறவங்க சிரிக்காதீங்க, கார் பறக்கப் போறதில்லைன்னு அவருக்கும் தெரியும். போட்டிக் கம்பெனிகளும் வால் வளர்த்தன. 1959 காடிலாக்கில் அது உச்சிக்குப் போனது. ஏர்ல் 1958 கடைசியில் ஓய்வு பெற்றிருந்தார்.

அவர் யாரையும் கட்டாயப்படுத்தி வாங்க வைக்கவில்லை. அந்தக் கார்கள் அழகு என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்டைலிங் அறையில் இவ்வளவு கை ஓடிய காலத்தில், டாஷ்போர்டின் கூர் முனையும் நெஞ்சில் குத்தும் ஸ்டீயரிங் தண்டும் அப்படியே இருந்தன. 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் இதைப் போட்டு உடைத்தது. வாலின் முனையில் மோதி அடிபட்டவர்களும் அதில் வருகிறார்கள். மறு வருடம் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 முதல் புதுக் கார்களில் சீட் பெல்ட் கட்டாயம்.

1969-ல் ஏர்ல் இறந்தார். அந்த வருடக் கார்களும், வழக்கம்போல, புது முகத்தோடுதான் ஷோரூமுக்கு வந்தன.