பத்து வெள்ளியில் எழுந்த அரங்கம்

ஒரு பெண் பிள்ளைக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் என்றால் அன்று எத்தனை குடும்பத்துக்கு வரும்படி என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மல்லிகைச் சரம் கட்டுகிற அம்மா, உடுப்புத் தைப்பவர், நகை வாடகைக்குக் கொடுப்பவர், மிருதங்கக்காரர், ஒலிபெருக்கிக்காரர், அழைப்பிதழ் அச்சடிப்பவர், சாப்பாடு போடுகிறவர் என்று நீளும். பூவுக்கும் பலகாரத்துக்கும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளைத்தான் தேடி ஓடுவார்கள். மண்டப வாடகை தனி. அந்த வாடகை யார் பைக்குப் போகிறது?

கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் விஸ்மா துன் சம்பந்தன் என்று ஒரு கட்டடம். அதற்குள் இருக்கிறது டான்ஸ்ரீ சோமா அரங்கம். நாட்டியம், நாடகம், நூல் வெளியீடு எல்லாம் அங்கே நடக்கும். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் எந்தச் செட்டியாரும் இல்லை, சீன முதலாளியும் இல்லை. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்தான். பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகள் காசு போட்டு வளர்த்த சங்கம்.

அந்தச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16-ல் பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தகப்பனார் வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து, ரப்பர் தோட்டம் வாங்கியவர். மகன் கோலகங்சார் கிளிப்போர்ட் பள்ளியிலும் பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1955-ல் ம.இ.கா. தலைவரானார். அதே வருஷம் தேர்தலில் ஜெயித்துத் தொழிலாளர் அமைச்சர். அப்புறம் சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி என்று பல இலாகா. 1973-ல் ஒரே ஒரு நாள் தற்காலிகப் பிரதமராகவும் இருந்தார். பதவிக் கதை இவ்வளவு போதும்.

நமக்கு வேண்டியது தோட்டத் துண்டாடல் கதை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டம் போனால் வேலை மட்டுமா போகும்? லயத்து வீடும் போச்சு, பிள்ளைகள் படித்த பள்ளியும் போச்சு. சட்டி பானையோடு ரோட்டோரத்தில் நின்ற குடும்பங்களை நாடு பார்த்தது.

தோட்டத்தை நாமே வாங்கினால் என்ன என்று 1960-ல் சங்கத்தைத் தொடங்கினார் சம்பந்தன். இளைஞரான கே. ஆர். சோமசுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். நூறு வெள்ளிப் பங்கு. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சும்மாவா? அரிசிக்கும் மளிகைக் கடனுக்கும் போக மிச்சம் பிடித்துத்தான் நம் ஜனங்கள் கட்டினார்கள். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம்.

எல்லாத் தோட்டத்தையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியா திரும்பியபோது அவர் அமைச்சரவையில்தான் இருந்தார். அந்த மனத்தாங்கல் இன்னும் நம்மிடம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. 1973-ல் கட்சித் தலைமையை விட்ட பிறகும் சங்கத்தை மட்டும் விடவில்லை. 1979 மே 18-ல் காலமானார். பிரிக்பீல்ட்ஸின் பெரிய ரோட்டுக்கு இப்போது அவர் பெயர்தான்.

ரப்பர் விலை ஏறும், இறங்கும். பட்டணத்துக் கட்டடத்தின் வாடகை மாதா மாதம் வரும். அந்த வகையில் அரங்கமும் சங்கத்துக்கு ஒரு தோட்டம் மாதிரிதான். மேடையில் ஆடுகிறவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, கீழே இருப்பது நம்மவர் காசு. ஆனால் அரங்கேற்றம் வைக்க வசதி வேண்டும். தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் அந்த மேடை ஏறினார்கள் என்று கேட்டால் நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. வருஷத்துக்குச் சில நாளாவது தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாடகையில்லாமல் விட்டால் கணக்கில் பெரிய ஓட்டை விழுந்துவிடாது.

இன்னொன்று. தோட்டத்தை விட்டுக் கிள்ளான் அடுக்குமாடிக்குக் குடி வந்தபோது தாத்தாவின் தகரப்பெட்டியைத் தூக்கி வந்தீர்களா? அடியில் சங்கத்துப் பங்குச் சீட்டு கிடக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் இருந்தால் ஜாலான் சுல்தான் சுலைமானுக்கு எடுத்துப்போய் விசாரியுங்கள்.