தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன்

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையில் பிறந்தவர்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். அந்தக் கிறீன் யாரென்று பிள்ளைகள் கேட்டால், முந்தி இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் என்பதோடு நிறுத்திவிடுகிறோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவில், மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். சிறிது காலம் வட்டுக்கோட்டை, பின்னர் மானிப்பாய். 1848இலேயே மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். அது ஆங்கிலத்தில்தான். இடையில் தாயகம் சென்று, 1862இல் மணம் முடித்து, மனைவியுடன் திரும்பி வந்த பின்னரே தமிழுக்கு மாறினார்.

காரணம் எங்களுக்கு நன்றாகவே விளங்கும். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூரையும் நாடினார்கள். கிறீனுக்கு வேண்டியிருந்தது கிராமத்தில் தங்கும் வைத்தியர். தம் மாணவர் கோட்டும் காற்சட்டையும் அணிந்து ஊரிலிருந்து விலகிப்போவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் தமிழர் தமிழராகவே இருக்கவேண்டும் என்றே விரும்பினார்.

தமிழில் கற்பிப்பதென்றால் நூல் வேண்டுமே! மாணவர்கள் மொழிபெயர்க்க, இவர் திருத்தினார். மகப்பேறு பற்றிய பிரசவ வைத்தியம் 1857இலேயே வந்துவிட்டது. 1867இல் சத்திரசிகிச்சை பற்றிய இரண வைத்தியம், 1872இல் கிறேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில், 1875இல் இரசாயனத்துக்குக் கெமிஸ்தம். கெமிஸ்தம் என்றதும் சிரிப்பு வரலாம். கலைச்சொல்லைத் தமிழில் தேடி, வடமொழியில் தேடி, இரண்டிலும் கிடைக்காதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கிக்கொண்டார்கள். இரண வைத்தியம் என்றால் எங்கள் அம்மம்மாமாருக்கும் புரிந்திருக்கும்.

இதை எழுதும் நாங்கள் வைத்தியத்தை ஆங்கிலத்தில் கற்றவர்கள். அண்மையில் ஓர் அம்மாவுக்கு அவரது சத்திரசிகிச்சையைப் பற்றிக் கால்மணி நேரம் விளக்கினோம். முழுவதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு வார்டைக் கூட்டும் பெண்ணிடம், டொக்ரர் என்ன சொன்னவா என்று கேட்டாராம். எங்கள் வாயில் வந்த சொற்களில் பாதி ஆங்கிலம் என்பது அப்போதுதான் உறைத்தது.

கிறீனிடம் கற்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழில் கற்றவர்கள். 1873இல் உடல்நலம் குன்றி அவர் தாயகம் போனார். சில ஆண்டுகளில் தமிழ் வகுப்பும் நின்றுபோயிற்று. அவரோ நிற்கவில்லை. வூஸ்ரரில் இருந்தபடியே கையெழுத்துப் படிகளைத் திருத்தினார். உடற்றொழிலியல் நூலான மனுஷ சுகரணம் 1883இல் வெளியானது. அடுத்த ஆண்டு மே மாதம் காலமானார். அவர் கேட்டிருந்தபடியே, தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று வூஸ்ரரிலுள்ள அவரது கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.