கள்ளுக்கடையை மூடிய தொரப்பள்ளிக்காரர்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ல் பிறந்தார் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர், காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு அதை உதறினார். 1925-ல் திருச்செங்கோடு அருகே ஆசிரமம் கண்டார். ஏழையின் கூலி கள்ளுக்கடையில் கரைவதே அவரது பெருங்கவலை. மதுவை எதிர்த்து 'விமோசனம்' என்ற பத்திரிகையும் நடத்தினார்.

1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு! கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தன.

குடித்துப் பழகியவன் இனி எதைக் குடிப்பான்? மரமேறியின் பிழைப்பு என்ன ஆகும்? பனை இரண்டுக்கும் வழி வைத்திருந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் தித்திக்கும் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள். அமெரிக்காவில் 1869-ல் வெல்ச் என்ற பல் வைத்தியர், திராட்சை ரசத்தைச் சூடாக்கி, அது ஒயினாகாமல் தடுத்ததும் இதே தத்துவந்தான்.

சர்க்கார் இழந்த வருமானத்துக்கு ஈடாக 1939-ல் விற்பனை வரி வந்தது.

1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தபோது, தொண்ணூறைக் கடந்த ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டினார். பலிக்கவில்லை. 1972 டிசம்பர் 25-ல் மறைந்தார். மதுவிலக்குப் போன பிறகும் விற்பனை வரி போகவில்லை!